நிறுத்துதல்

கானாடுகாத்தானில்
ஹோட்டலாகிவிட்ட பெரிய வீட்டின் வளவில் மாநாடு.
அமைச்சர் பேசுவதைத் தமிழில் சொல்வது என் வேலை.
நாளுக்கு நாலாயிரம், சாப்பாடு தனி.
நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு அவருடையது.
வரவேற்புப் பலகையில் அதன் பெயர்
எழுத்துப் பிழையோடு தொங்கியது.

சேவுகன் என்றொரு நிருபர்,
காரைக்குடியிலிருந்து பைக்கில் வந்தவர்,
காதில் செருகிய பேனாவை எடுத்துக் கேட்டார்:
"ஒரு தலைவர் நினைச்சா
மழைக்காடு வெட்டுறத நிறுத்த முடியுமா?"

நிறுத்த என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கொடுத்தேன்.
மற்ற மூன்றும் என் நாக்கிலேயே தங்கின.

"நிறுத்தினோமே" என்றார் அமைச்சர்.
நாலு வருஷம்.
மேலேயிருந்து படம் எடுத்து,
புகை தெரிந்த இடத்துக்கு மறுநாளே படகில் ஆள் போனது.
ரம்பங்களைப் பிடுங்கினார்கள்.
வெட்டியவனுக்கு வங்கி கடன் தரவில்லை.
திரையில் ஒரு கோடு இறங்கியது,
ஊருணிப் படிக்கட்டு மாதிரி,
நிதானமாக, தண்ணீர் வரைக்கும்.

"அப்புறம்?"

அப்புறம் தேர்தல்.
அதே அலுவலகம், அதே நாற்காலி, அதே பச்சை மை.
கையெழுத்து மட்டும் வேறு.
கோடு ஏறியபோது
யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார்.

இடைவேளையில் அவர் ஒரு தூணைத் தொட்டார்.
கட்டிப்பிடித்துப் பார்த்தார்,
கைகள் எட்டவில்லை.
மேலாளர் சோலையப்பனுக்கு அதுவே போதும்:
"பர்மாத் தேக்கு சார். ஒரே மரம்.
கப்பல்ல வந்து, மாட்டுவண்டில வந்து,
அறுபது ஆள் கயிறு பிடிச்சு நிறுத்தினது.
இன்னிக்கி வரைக்கும் செல்லு தொடல."

தேக்கு மழைக்காட்டு மரமல்ல என்று
மரியாதையாகத் திருத்தினார் அமைச்சர்.
திருத்தத்தையும் சொன்னேன்.
பிறகு அவர் கேட்டது:
"அப்போது அங்கே யார் ஆட்சி?"
"வெள்ளைக்காரன் சார்."
"காட்டைக் காக்க ஒரு துறை இருந்திருக்குமே?"
சேவுகன் குறுக்கே வந்தார்:
"இருந்துச்சு. துறைதான் ஏலம் விட்டுச்சு."
எல்லோரும் சிரித்தார்கள்.
யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.
சிரிப்பை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

கை கழுவப் போகிற வழியில் சமையல்கட்டு.
ராக்கு வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
அவள் காலடியில் பாமாயில் டின்.
டின்னில் அமைச்சரின் நாட்டுப் பெயர்,
எழுத்துப் பிழை இல்லாமல்.

"ரேஷன்லயும் இதான் தாயி எனக்கு.
எத்தனை ஆட்சி வந்துச்சு போச்சு,
இத மட்டும் எவனும் நிறுத்தல.
நிறுத்திப் பாக்கட்டும்,
ஓட்டு விழுகுதான்னு நானும் பாக்குறேன்."
அவள் மிரட்டவில்லை.
பணியாரத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.
கடலை எண்ணெய் விலையை அவளிடம் சொல்ல
எனக்குத் துணிச்சல் இல்லை.

அமைச்சர் ஐந்து பணியாரம் சாப்பிட்டார்.
காரச் சட்னியை இரண்டாம் முறை கேட்டார்.
தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மாலையில் திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்
பழம்பொருள் கடை பார்க்க வேண்டுமென்றார்.
காரைக்குடி.
தெருவிலேயே கிடந்தன நிலைகளும் தூண்களும்,
படுத்தவாக்கில், விலை ஒட்டி.
ஒரு பையன் உடைந்த பித்தளைக் கீல்களைத்
தராசில் நிறுத்துக்கொண்டிருந்தான்.
அமைச்சர் எதையும் வாங்கவில்லை.
முள் அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கார் புதுக்கோட்டை சாலையில் ஏறியபின்தான் பேசினார்.
கோட்டைக் கீழே இறக்கிய ஆள்
தான் மட்டும் இல்லை என்றார்.
படகில் போன பையன்களில் இருவர் திரும்பவில்லை.
அவர்கள் பெயர்களைச் சொன்னார்.
தமிழில் எழுத வராத பெயர்கள்.
இன்னொன்றையும் சொன்னார்,
ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு.

"என்ன சொல்றார்?" என்றார் ஓட்டுநர்.

"அடுத்த தேர்தல்ல
அவரைக் கட்சி நிறுத்தல" என்றேன்.

ரோட்டில் ஏதோ இரைச்சல்,
கடைசிச் சொல் மட்டும் பாதியாகக் கேட்டிருக்கும்.
கால் பிரேக்கைத் தேட,
"நிறுத்தவா?" என்றார்.

பின்னால் லாரி ஹாரன் அடித்தது.